லிஃப்ட் போட்ட பிறகும் டயர் இடிக்கிறதா? ஜிம்னி, தார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வண்டியை 2 இன்ச் தூக்கி, பெரிய டயர் மாட்டி, ஆசையாகப் பட்டறையை விட்டு வெளியே வந்தால் முதல் திருப்பத்திலேயே 'சரக்' என்று ஒரு சத்தம். நம் ஊரில் மாருதி ஜிம்னியும் மஹிந்திரா தாரும் பெருகப் பெருக இந்தப் புகாரும் பெருகிவிட்டது. காசு கொட்டிய பிறகு மனம் நொந்துபோகிறவர்களைப் பார்க்கும்போது, இதை வாங்குவதற்கு முன்பே யாராவது சொல்லியிருக்கலாமே என்று தோன்றுகிறது. அதற்காகத்தான் இந்தக் கேள்வி-பதில். உதாரணங்களைப் பெரும்பாலும் ஐந்து கதவு ஜிம்னியிலிருந்தும் 2020-க்குப் பிறகு வந்த தாரிலிருந்தும் எடுத்திருக்கிறேன். மற்ற வண்டிகளுக்கும் கணக்கு இதேதான்.

2 இன்ச் தூக்கியாகிவிட்டது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் தாராளமாகக் கை நுழைகிறது. அப்புறமும் ஏன் இடிக்கிறது?

கை நுழைவது வண்டி நிற்கும்போது. டயர் இடிப்பது வண்டி பள்ளத்தில் இறங்கும்போது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சக்கரம் எவ்வளவு மேலே போகலாம் என்பதை முடிவு செய்வது ஸ்பிரிங் அல்ல, பம்ப் ஸ்டாப். சேஸிஸில், அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தில் இருக்கும் அந்த ரப்பர் கட்டையில், சக்கரங்களைத் தாங்கும் ஆக்சில் போய் முட்டும் இடம்தான் எல்லை. உயரமான ஸ்பிரிங் போட்டாலும் பம்ப் ஸ்டாப் பழைய இடத்திலேயே இருக்கிறது. ஆகவே முழுசாக அமுங்கும்போது சக்கரம் லிஃப்டுக்கு முன்பு எங்கே போய் நின்றதோ அதே இடத்துக்குத்தான் போகும். அங்கே கம்பெனி டயருக்கு இடம் இருந்தது, நீங்கள் மாட்டிய பெரிய டயருக்கு இல்லை. லிஃப்ட் போட்டதால் அந்த இடத்துக்குப் போய்ச் சேர இன்னும் கொஞ்சம் தூரம் கிடைக்கிறது, அவ்வளவுதான். சாதாரண ரோட்டில் அந்தத் தூரம் போதும். மலைப்பாதையிலும் ஓடையிலும் போதாது.

இன்னொன்று. ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது டயர் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்கிறது. லிஃப்ட் கொடுப்பது மேல்பக்க இடம். பம்பர் மூலையில் இடிக்கிற டயருக்கு மேலே எவ்வளவு இடம் இருந்தும் பெரிய பயனில்லை.

சத்தம் வருகிறது, ஆனால் எங்கே இடிக்கிறது என்று தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

சத்தத்தை வைத்துத் தேடாதீர்கள், தடத்தை வைத்துத் தேடுங்கள். டயரின் மேல் ஓரத்திலும் பக்கச்சுவரிலும் சாக்பீஸால் தடிமனாகத் தேய்த்துவிட்டு, காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து முன்னும் பின்னும் ஓட்டுங்கள். ரிவர்ஸை விட்டுவிடாதீர்கள். பின்னால் போகும்போது மட்டும் இடிக்கிற வண்டிகள் உண்டு. பிறகு டார்ச் அடித்து, சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் வீல் ஆர்ச்சுக்குள் வெள்ளைத் தடம் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். ஏற்கெனவே சில வாரம் ஓட்டிய வண்டி என்றால் சாக்பீஸே வேண்டாம். மற்ற இடமெல்லாம் புழுதி படிந்து மங்கலாக இருக்கும். டயர் தொட்ட இடம் மட்டும் துடைத்துவிட்ட மாதிரி கறுப்பாகப் பளபளக்கும்.

முதலில் மட் ஃப்ளாப்பைப் பாருங்கள். பெரிய டயர் போட்டதும் முதலில் அடி வாங்குவது பெரும்பாலும் அதுதான். நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் தீர்ந்துவிடுகிற சத்தத்துக்காக ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்கள் இருக்கிறார்கள்.

அது இல்லையென்றால், தடம் இருக்கும் இடமே காரணத்தைச் சொல்லும். வீல் ஆர்ச்சின் உச்சியில் தடம் இருந்தால் சக்கரம் அளவுக்கு மீறி மேலே வருகிறது, பம்ப் ஸ்டாப்பைக் கவனிக்க வேண்டும். பம்பரின் பின் மூலையில் இருந்தால், ஒடிக்கும்போது டயர் முன்னால் வீசுகிறது. ஆர்ச்சின் பின்பக்கம், கதவுக்கு முன்னால் இருந்தால் டயர் பெரிது, அல்லது லிஃப்டினால் ஆக்சில் பின்னுக்கு நகர்ந்திருக்கிறது. டயரின் உள்பக்கச் சுவரில் வட்டமாகத் தேய்ந்த கோடும், சஸ்பென்ஷன் கையில் (சக்கரத்தையோ ஆக்சிலையோ சேஸிஸோடு இணைக்கும் தண்டு) பெயின்ட் போன இடமும் தெரிந்தால் டயர் அகலம் அதிகம், அல்லது ரிம் ரொம்ப உள்ளே உட்கார்ந்திருக்கிறது. வலது, இடது இரண்டில் ஒரு பக்கம் மட்டும் இடித்தால் பன்ஹார்ட் ராடைப் பாருங்கள். அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

ஜிம்னிக்கு 235/75 ஆர் 15 ஏறுமா? எவ்வளவு லிஃப்ட் வேண்டும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கம்பெனி டயர் 195/80 ஆர் 15: அகலம் 195 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அகலத்தில் 80 சதவீதம், ரிம் 15 இன்ச். அதன் விட்டம் 693 மி.மீ. 235/75 ஆர் 15-ன் விட்டம் 733.5 மி.மீ. அதாவது விட்டத்தில் 40 மி.மீ., ஆரத்தில் 20 மி.மீ. கூடுகிறது. அகலமும் 40 மி.மீ. கூடுகிறது. ரிம் அதே ரிம் என்றால் அந்த 40-ல் உள்பக்கம் 20, வெளிப்பக்கம் 20.

ஆக, எல்லாத் திசையிலும் 20 மி.மீ. இடம் தேவை. 2 இன்ச் லிஃப்டோடு இந்த அளவைப் பலர் ஓட்டுகிறார்கள். ஆனால் பம்ப் ஸ்டாப்பை நீட்டாமல், முன்பம்பர் மூலையையும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கையும் தொடாமல், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் சத்தமில்லாமல் ஏறி இறங்குவேன் என்றால் அந்த நம்பிக்கை வேண்டாம்.

எதையும் வெட்ட மாட்டேன் என்பவர்களுக்கு 215/75 ஆர் 15 நல்ல அளவு. விட்டம் 703.5 மி.மீ., ஆரத்தில் 5 மி.மீ. மட்டுமே கூடுகிறது. பார்வைக்கும் கம்பீரமாக இருக்கிறது, கம்பெனி ஸ்பிரிங்கோடும் ஓடும். வார நாளில் ஆபீஸ், மாதத்துக்கு ஒருமுறை மலை என்று வண்டி வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை எப்போதும் இதுதான்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். ஜிம்னி மாதிரி முன்னும் பின்னும் சாலிட் ஆக்சில் (இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே தண்டு) உள்ள வண்டியில் லிஃப்ட் தூக்குவது பாடியைத்தான். ஆக்சிலில் பல்சக்கரங்கள் இருக்கும் டிஃபரன்ஷியல் குடத்தின் உயரம் ஒரு மில்லிமீட்டர்கூட மாறாது. அதைத் தரையிலிருந்து உயர்த்துவது டயர் மட்டுமே, அதுவும் ஆரம் கூடிய அளவுக்குத்தான். கல்லில் குடம் தட்டுகிறது என்பதற்காக 3 இன்ச் லிஃப்ட் போடுவது வீண் செலவு.

டயர் பக்கத்தில் எழுதியிருக்கும் அளவை வைத்தே முடிவெடுக்கலாமா?

கணக்குக்கு ஆரம்பமாக வைத்துக்கொள்ளலாம், முடிவுக்கு வேண்டாம். ஒரே அளவு எழுதியிருக்கும் இரண்டு டயர்களைப் பக்கத்தில் நிறுத்தினால் உயரமும் அகலமும் வேறுபடும். சேற்றுக்கென்று செய்த மட் டெரெய்ன் டயர்களில் தோள்பட்டையிலிருந்து பக்கச்சுவர் வரை தடித்த ரப்பர் கட்டைகள் துருத்திக்கொண்டிருக்கும். ஆர்ச்சில் முதலில் தட்டுவது அந்தக் கட்டைகள்தான். அதே அளவில், ரோட்டுக்கும் காட்டுப்பாதைக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயர் அதே வண்டியில் சத்தமில்லாமல் ஓடலாம். ரிம் அகலமும் கணக்கில் வரும்: அகலமான ரிம்மில் ஏற்றினால் டயரும் விரிந்துகொள்ளும். முடிந்தால் டயர்க் கடையில் ஒரே ஒரு டயரை மாட்டி, ஸ்டியரிங்கை ஒடித்துப் பார்த்துவிட்டு மற்றதை வாங்குங்கள். கேட்டால் பல கடைக்காரர்கள் மறுப்பதில்லை.

வீல் ஸ்பேசர் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே?

எங்கே இடிக்கிறது என்பதைப் பொறுத்தது. ஸ்பேசர் என்பது ரிம்முக்கு உள்பக்கம் வைத்து முடுக்கும் தடித்த உலோக வட்டு. டயரின் உள்சுவர் சஸ்பென்ஷன் கையிலோ சேஸிஸிலோ உரசினால் அது உதவும், சக்கரத்தை வெளியே தள்ளும். பம்பரிலோ ஆர்ச்சின் பின்பக்கத்திலோ இடித்தால் ஸ்பேசர் நிலைமையை மோசமாக்கும்.

காரணம் இதுதான். முன்சக்கரம் தன் நடுவில் சுழன்று திரும்புவதில்லை. உள்ளே தள்ளியிருக்கும் கிங்பின் அச்சைச் சுற்றித்தான் திரும்புகிறது. இடப்பக்கம் ஒடித்தால் இடது சக்கரம் பின்னோக்கி நகரும், வலது சக்கரம் முன்னோக்கி நகரும். சக்கரம் கிங்பின்னிலிருந்து எவ்வளவு வெளியே தள்ளி இருக்கிறதோ அவ்வளவு பெரிதாக வீசும். 25 மி.மீ. ஸ்பேசர் போட்டு 30 டிகிரி ஒடித்தால் சக்கரம் முன்னும் பின்னும் கூடுதலாக 12.5 மி.மீ. போகும். ஏற்கெனவே விரற்கடை இடம்தான் இருக்கிறது என்றால் அது காலி.

ஆஃப்செட் குறைந்த, அதாவது சக்கரத்தை வெளியே தள்ளி உட்காரவைக்கும் அலாய் ரிம் வாங்கினாலும் விளைவு இதேதான். கடையில் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் ரிம் அழகாக இருக்கும். அதே ரிம்தான் பம்பரை வெட்ட வைக்கும், வீல் பேரிங்குக்குச் சுமை கூட்டும், கதவு நெடுகிலும் சேற்றை வாரி அடிக்கும். உள்ளே உரசாத அளவுக்கு மட்டும் வெளியே தள்ளுங்கள். அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டரும் வேண்டாம்.

உள்சுவர் லேசாக மட்டும் உரசுகிறது, அதுவும் முழுசாக ஒடிக்கும்போதுதான் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. ஸ்டியரிங் எந்த அளவு திரும்பலாம் என்பதைத் தடுத்து நிறுத்தும் ஸ்டாப் போல்ட்டைக் கொஞ்சம் வெளியே திருகலாம். வண்டி திரும்ப இடம் சற்று அதிகம் எடுக்கும். ஆனால் ஸ்பேசர் செலவு இல்லை.

லிஃப்ட் போட்டதும் ஒரு பக்க டயர் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது, மறுபக்கம் உள்ளே போயிருக்கிறது. ஆக்சில் வளைந்துவிட்டதா?

வளையவில்லை, பயப்பட வேண்டாம். காயில் ஸ்பிரிங்கும் சாலிட் ஆக்சிலும் உள்ள வண்டியில், ஆக்சில் பக்கவாட்டில் ஓடிவிடாமல் பிடித்துக்கொள்வது பன்ஹார்ட் ராடு. ஒரு முனை சேஸிஸில், மறுமுனை ஆக்சிலில். அதன் நீளம் மாறாது. பாடி உயர்ந்தால் ராடு இன்னும் சரிவாக நிற்கும், கிடைமட்டத் தூரம் குறையும், ஆக்சில் சேஸிஸ் முனை இருக்கும் பக்கமாக இழுபடும்.

உதாரணத்துக்கு 800 மி.மீ. நீளமுள்ள ராடு, ஒரு முனை மற்றதைவிட 100 மி.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 50 மி.மீ. தூக்கினால் அந்த வித்தியாசம் 150 ஆகும். பள்ளிக்கூடத்தில் படித்த செங்கோண முக்கோணக் கணக்குப்படி கிடைமட்டத் தூரம் 794-லிருந்து 786 ஆகக் குறையும். ஆக்சில் 8 மி.மீ. நகர்ந்துவிட்டது. ஒரு பக்கம் 8 வெளியே, மறுபக்கம் 8 உள்ளே. இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டால் 16 மி.மீ. வித்தியாசம், அது கண்ணுக்கே தெரியும்.

அளக்க ஒரு தூக்குக்குண்டு போதும், எந்தக் கொத்தனாரிடமும் கிடைக்கும். வண்டியைச் சமதளத்தில் ஸ்டியரிங் நேராக வைத்து நிறுத்துங்கள். மட்கார்டு விளிம்பில், சக்கர நடுவுக்கு நேர் மேலே நூலைப் பிடித்துக் குண்டைத் தொங்கவிடுங்கள். குண்டின் ஆட்டம் நின்றதும் நூலிலிருந்து ரிம்மின் விளிம்பு வரை ஸ்கேலால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். டயரில் அளக்காதீர்கள், தரையோடு அமுங்கிப் பிதுங்கியிருக்கும். நான்கு சக்கரத்துக்கும் இப்படிச் செய்தால் முன் ஆக்சில் எந்தப் பக்கம் எவ்வளவு போயிருக்கிறது, பின் ஆக்சில் எவ்வளவு என்று காகிதத்தில் வந்துவிடும். வித்தியாசத்தில் பாதிதான் நகர்வு.

தீர்வு, நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பன்ஹார்ட் ராடு. லிஃப்ட் கிட் விலையோடு இதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். பல மலிவான கிட்டுகளில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மட்டும்தான் இருக்கும்.

முன்சக்கரம் ஆர்ச்சின் நடுவில் இல்லாமல் பின்னால் தள்ளி நிற்பது போலத் தெரிகிறது. ஸ்டியரிங்கும் லூசாக இருக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. ஜிம்னியின் முன் ஆக்சிலைத் தாங்கும் இரண்டு கைகளும் ஆக்சிலுக்குப் பின்னால் சேஸிஸில் மாட்டியிருக்கின்றன. பாடியைத் தூக்கினால் அந்தக் கைகள் முன்பைவிடச் சரிவாகின்றன. ஆக்சில் கொஞ்சம் பின்னுக்கு இழுபடுகிறது. ஆர்ச்சின் பின்பக்கம் இடிப்பதற்கு இது ஒரு காரணம்.

அதோடு, கையோடு இணைந்த ஆக்சிலும் சேர்ந்து முன்பக்கமாகத் திரும்பிவிடுகிறது. கேஸ்டர் கோணம், அதாவது கிங்பின் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு, குறைகிறது. வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது, வேகத்தில் வண்டி அங்குமிங்கும் அலையும். பெரிய, கனமான டயரும் சேர்ந்துவிட்டால் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்போது ஸ்டியரிங் கடகடவென்று உதற ஆரம்பிக்கலாம். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கேஸ்டர் திருத்தும் புஷ் அல்லது பிராக்கெட் போட்டு, அலைன்மென்ட்டில் கேஸ்டர் அளவைப் பார்த்துச் சரிசெய்த பிறகுதான் நெடுஞ்சாலைக்குப் போக வேண்டும். "டோ மட்டும் பார்த்தாச்சு சார், போதும்" என்று அனுப்பினால் கிளம்பாதீர்கள். டோ என்பது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு மட்டும்தான். கேஸ்டர் எண்ணைக் காட்டச் சொல்லுங்கள்.

ஜிப்சி மாதிரி லீஃப் ஸ்பிரிங் வண்டிகளில் கதை சற்று வேறு. அதிகம் வளைந்த பட்டை போட்டால் இரு முனைகளுக்கு இடைப்பட்ட தூரம் குறைந்து, ஷேக்கில் (ஸ்பிரிங் முனையைச் சேஸிஸோடு சேர்க்கும், அசையக்கூடிய இணைப்பு) இல்லாத முனையின் பக்கமாக ஆக்சில் நகரும்.

தாருக்கும் இதே கணக்குதானா?

பின்பக்கம் ஏறக்குறைய இதே. முன்பக்கம் வேறு. 2020-ல் வந்த தாரின் முன்னால் தனித்தனியாக இயங்கும், ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலொரு கையும் கீழொரு கையும் உள்ள டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், காயிலும் ஷாக்கும் ஒன்றாக இருக்கும் ஸ்ட்ரட். இங்கே பெரும்பாலும் போடுவது ஸ்ட்ரட்டின் தலையில் வைக்கும் ஸ்பேசர். ஸ்ட்ரட் கீழ்க்கையின் நடுப்பகுதியில் நிற்பதால், ஸ்பேசரின் தடிமனைவிட அதிகமாகவே சக்கரத்தில் உயரம் கிடைக்கும். கடைக்காரர் '2 இன்ச்' என்று சொன்னால் ஸ்பேசரின் உயரமா, வண்டி உயரும் உயரமா என்று கேளுங்கள்.

இப்படி ஸ்பேசர் வைத்தால் சக்கரம் முன்பைவிடக் கீழே தொங்கும். அப்போது ஆக்சில் ஷாஃப்டின் சிவி ஜாயின்ட் (வளைந்த நிலையிலும் சக்கரத்தைச் சுழற்றும் மூட்டு) அதிகக் கோணத்தில் வேலை செய்யும், ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் தெறிக்கும், மேல்கை ஸ்பிரிங்கில் தட்டலாம், பால் ஜாயின்ட் எல்லைக்குப் போகும். அதனால் தாரின் முன்பக்கத்தை 2 இன்ச்சுக்கு மேல் தூக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு மேல் வேண்டுமென்றால் மேல்கையையே மாற்ற வேண்டியிருக்கும். இந்த அமைப்பில் உயரம் மாறினால் கேம்பரும் (சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாயும் அளவு) டோவும்கூட மாறும் என்பதால் அலைன்மென்ட் தள்ளிப்போட முடியாத வேலை.

தாரின் கம்பெனி டயரே பெரியது: 255/65 ஆர் 18 என்றால் 789 மி.மீ., 245/75 ஆர் 16 என்றால் 774 மி.மீ. 265/70 ஆர் 17 போட்டால் 803 மி.மீ., ஆரத்தில் 7 மி.மீ. மட்டுமே கூடும். 285/70 ஆர் 17 என்றால் 831 மி.மீ., 21 மி.மீ. கூடும். முதல் அளவுக்கும் இரண்டாவது அளவுக்கும் செலவிலும் வெட்டும் வேலையிலும் பெரிய இடைவெளி இருக்கிறது.

பம்ப் ஸ்டாப்பை எவ்வளவு நீட்ட வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. கேட்டிருந்தால் மற்றப் பல கேள்விகள் எழுந்தே இருக்காது.

ஊகத்தில் நீட்டாமல் அளந்து நீட்டுங்கள். நல்ல பட்டறையில் இப்படிச் செய்வார்கள்: சேஸிஸை ஸ்டாண்டில் பலமாக நிறுத்திவிட்டு ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிடுவார்கள். புதுச் சக்கரத்தை மாட்டி, ஆக்சிலின் ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியால் மெதுவாக உயர்த்துவார்கள், மறுபக்கம் தொங்கட்டும். இரண்டு பக்கத்தையும் சமமாக உயர்த்திப் பார்ப்பது போதாது. ஒரு சக்கரம் கல்லின் மேலும் மறு சக்கரம் குழியிலும் இருக்கும்போது ஆக்சில் சாய்ந்து, டயரின் தலை உள்பக்கமாகக் கவிழும், நிஜத்தில் இடிப்பது அப்போதுதான். ஒவ்வொரு இன்ச்சுக்கும் நிறுத்தி ஸ்டியரிங்கை முழுசாக இரு பக்கமும் ஒடித்துப் பார்க்க வேண்டும். டயர் எதையாவது தொடும் நிலைக்கு ஒரு விரற்கடை முன்பே ஆக்சில் பம்ப் ஸ்டாப்பில் முட்டியாக வேண்டும். முட்டவில்லை என்றால் எவ்வளவு இடைவெளி மிச்சமோ அவ்வளவு தடிமனுக்கு ஸ்பேசர். பலமாக விழும்போது ரப்பரும் நசுங்கும் என்பதால் அதற்கும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

"பம்ப் ஸ்டாப்பை நீட்டினால் லிஃப்ட் போட்டதே வீண்தானே" என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். இல்லை. 50 மி.மீ. லிஃப்ட், 25 மி.மீ. பம்ப் ஸ்டாப் ஸ்பேசர் என்றால், சக்கரம் மேலே போக முன்பைவிட இன்னும் 25 மி.மீ. அதிகமாகவே இருக்கிறது. பெரிய டயருக்கும் இடம் கிடைத்துவிட்டது.

இதே சோதனையில் ஷாக் அப்சார்பரையும் பார்த்துவிடுங்கள். நீளமான ஷாக் போட்டிருந்தால் பம்ப் ஸ்டாப் முட்டும் முன்பே ஷாக் முழுசாக மூடிக்கொண்டு அடி வாங்கும், சில மாதங்களில் எண்ணெய் கசியும்.

பிளாஸ்டிக்கை வெட்டித்தான் ஆக வேண்டுமா?

பல நேரம் வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் லைனர் பிளாஸ்டிக்கை ஹீட் கன்னால் இளக்கி, கட்டை வைத்து உள்ளே தள்ளிப் பிடித்து ஆறவிட்டால் 10 மி.மீ. வரை இடம் கிடைக்கலாம். கிளிப் விட்டுப்போன இடங்களில் புதுக் கிளிப் போடுங்கள். தொங்குகிற லைனரை டயர் கவ்வினால் மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

பம்பர் மூலையை வெட்டுவதாக இருந்தால், முதலில் பேப்பர் டேப் ஒட்டி அதன் மேல் கோடு போட்டு, கொஞ்சம் குறைவாகவே வெட்டுங்கள். ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபடி வெட்டலாம், வெட்டியதை ஒட்ட முடியாது. ஆர்ச்சின் பின்பக்கம் இரண்டு தகடுகள் சேரும் விளிம்பு ஒன்று இருக்கும். டயர் அதைத் தொட்டால் வெட்டாமல் சுத்தியலால் மடக்கித் தட்டினால் போதும். தட்டிய இடத்தில் பெயின்ட் வெடிக்கும், உடனே பிரைமர் அடித்துப் பெயின்ட் போடுங்கள். சென்னை, தூத்துக்குடி மாதிரி உப்புக் காற்று ஊர்களில் ஒரு மழைக்காலம் போதும், அங்கே துரு பிடித்துவிடும்.

டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பிக்கப்புகளில் முன்சக்கரத்துக்குப் பின்னால் பாடியைச் சேஸிஸோடு பிணைக்கும் இரும்புத் தாங்கி இருக்கிறது. 285/70 ஆர் 17 போட்டால் ஒடிக்கும்போது பெரும்பாலும் அதில்தான் இடிக்கும். அதை வெட்டி மறுபடி வெல்டிங் செய்வது பாடியின் பலத்தோடு விளையாடுவது. கைதேர்ந்த ஆளைத் தவிர வேறு யாரையும் தொடவிடாதீர்கள்.

போட்ட புதிதில் இடிக்கவில்லை. சில மாதம் கழித்து இடிக்க ஆரம்பித்திருக்கிறது. ஏன்?

புது ஸ்பிரிங் கொஞ்ச நாளில் படியும், உயரம் சற்றுக் குறையும். கூடவே மேலே கேரியர், முன்னால் வண்டியை இழுக்கும் வின்ச், பின்னால் ஃபிரிட்ஜ், நான்கு பேர், லக்கேஜ் என்று சுமை ஏறியிருக்கும். காலி வண்டியில் செய்த சோதனை காலி வண்டிக்கு மட்டும்தான் பொருந்தும். ஊருக்குப் போகும் சுமையோடு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

காற்றையும் மறக்க வேண்டாம். தேரிக்காட்டு மணலில் 15, 18 பி.எஸ்.ஐ.க்குக் காற்றை இறக்குகிறோம். டயரின் பக்கச்சுவர் இரு பக்கமும் பிதுங்கும். ரோட்டில் உரசாத சஸ்பென்ஷன் கையில் டயர் அங்கே உரசும்.

எப்போதாவது லேசாக உரசுகிறது. விட்டுவிடலாமா?

எதில் உரசுகிறது என்று தெரியாமல் விடாதீர்கள். மெல்லிய பிளாஸ்டிக்கில், முழுசாக ஒடித்து ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் என்றால் பெரிய ஆபத்து இல்லை. தகட்டு விளிம்பு, போல்ட் முனை, ஸ்க்ரூ என்றால் அது டயரைக் கத்தி மாதிரி கீறும். பக்கச்சுவரில் விழுந்த வெட்டுக்குப் பஞ்சர் போட முடியாது. பிரேக் ஹோஸிலோ ஏபிஎஸ் ஒயரிலோ டயர் தொடுகிறது என்றால் வண்டியை அன்றைக்கே நிறுத்துங்கள். லிஃப்ட் போட்ட வண்டியில் பிரேக் ஹோஸ் தொங்கும் பாதை மாறியிருக்கும், சக்கரம் முழுசாகக் கீழே தொங்கும்போது அது விறைப்பாக இழுபடுகிறதா என்பதையும் பாருங்கள்.

ஸ்பீடோமீட்டர் தவறாகக் காட்டுமா?

முன்பைவிடக் குறைத்துக் காட்டும். ஜிம்னியில் 235/75 போட்டால் சுற்றளவு 5.8 சதவீதம் கூடுகிறது. பழைய டயரில் உண்மையான வேகம் 80 ஆக இருந்தபோது முள் எங்கே நின்றதோ, அதே இடத்தில் இப்போது முள் நின்றால் வேகம் கிட்டத்தட்ட 85. இழுவையும் அதே விகிதத்தில் குறையும், ஏற்றத்தில் ஒரு கியர் இறக்க வேண்டியிருக்கும். அதோடு லிஃப்டினால் ஹெட்லைட் மேல்நோக்கி அடிக்கும். அதை இறக்கி வைப்பது எதிரே வருகிறவருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை.

போலீஸ், ஆர்.டி.ஓ., இன்ஷூரன்ஸ்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளத்திலிருந்து வந்த வழக்கில் இதை உறுதிப்படுத்தியது. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லிஃப்ட் கிட்டை இந்தப் பார்வையிலிருந்து தப்பவைக்க வழி இருப்பதாகச் சொல்லி விற்கிறவர்களை நம்பாதீர்கள். அதே மாடலின் வேறு வேரியன்ட்டில் கம்பெனியே கொடுக்கும் டயர் அளவுக்குள் நிற்பது பாதுகாப்பு. அதைத் தாண்டுவதாக இருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். விபத்துக்குப் பிறகு தெரியவந்தால் கிளெய்ம் சிக்கலாகும்.

ஸ்டெப்னியையும் பெரிய டயராகவே வைக்க வேண்டுமா?

ஆம். ஒரு சக்கரம் மட்டும் சிறியதாக இருந்தால் டிஃபரன்ஷியல் சிரமப்படும், ஃபோர்வீலில் முன் பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் சிரமப்படும். அப்படி ஒரு சிறிய சக்கரத்தோடு ஃபோர்வீல் போட்டு ஓட்டவே கூடாது. வாங்கும்போதே ஐந்தாக வாங்கி, சுழற்சியில் ஐந்தையும் தேய விடுங்கள். ஜிம்னியிலும் தாரிலும் ஸ்டெப்னி பின்கதவில் தொங்குவதால், மாட்டியதும் கதவை முழுசாகத் திறந்து மூடிப் பார்த்து, டயரின் அடிப்பக்கம் பின்பம்பரில் உரசுகிறதா என்று கவனியுங்கள். கனமும் கூடியிருப்பதால் கதவின் கீல் போல்ட்டுகளைச் சர்வீஸின்போது முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கதவு அடியில் இறங்கி, மூடும்போது தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்றால் கீல் தளர்ந்துவிட்டது.